ஐ சிங் 49-ஆம் குவா, ஆறாம் கோடு: கலகம் முடிந்து ஒற்றுமை வருகிறது என்று படிக்கலாமா?

மூன்றுகாசு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ஐ சிங் என்ற பழைய சீனக் குறி நூலில் ஒரு வாசிப்புக்கு உதவி வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் ஒரு சின்ன வாசகர் மன்றம் இருக்கிறது. 18 வருடமாக நடக்கிறது. ஒரு வாடகை அறை, நான்கு பீரோ புத்தகம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம், அவ்வளவுதான். தை மாதப் பொதுக்குழுவில் வாக்கெடுப்பு வைத்துச் செயலாளரை மாற்றினோம். ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் செயலாளர். கணக்கு எழுதாமல் மூன்று வருடம் போய்விட்டது, புதுப் புத்தகமும் வாங்கவில்லை. மாற்றம் தேவைதான். ஆனால் மாற்றியதிலிருந்து பாதிப் பேர் வருவதே இல்லை.

புதிய குழு ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் சந்தாவைப் புதுப்பிக்காதவர்களின் பெயரை எடுத்துவிடுவோம் என்று. அதை அனுப்புவதற்கு முன் காசு போட்டுப் பார்த்தேன். கேள்வி: "எல்லாரும் மறுபடி ஒன்று சேர்வோமா?"

மூன்று ஒரு ரூபாய் நாணயம். தலைக்கு 3, பூவுக்கு 2. மூன்றின் கூட்டல் ஒரு கோடு, ஆறு தடவை போட வேண்டும். 7-ம் 9-ம் யாங் (முழுக் கோடு), 6-ம் 8-ம் இன் (நடுவில் உடைந்த கோடு). 6 அல்லது 9 வந்தால் அந்தக் கோடு எதிர்மாறாக மாறும். கீழிருந்து மேலே வந்தவை: 7, 8, 7, 7, 7, 6. கடைசித் தடவை மூன்று காசும் பூ. அதாவது நூலில் உள்ள ஆறு கோட்டு வடிவங்களில் (குவா) 49-ஆவது, 'கெ', புரட்சி. ஆறாம் கோடு மாறினால் 13, 'தொங் ரென்', மனிதரோடு ஒன்றுபடல். இதைவிடத் தெளிவாக ஒரு பதில் வருமா என்று தோன்றியது. புரட்சி செய்தாயிற்று, ஒற்றுமை வரப்போகிறது, கடிதத்தை அனுப்பு என்றுதான் நான் படித்தேன். சரிதானா?

ஓலைக்கட்டு

அவசரப்பட வேண்டாம் நண்பரே. தலைப்புகளை மட்டும் வைத்துப் படித்தால் 'புரட்சி, அப்புறம் ஒற்றுமை' என்று அழகாகத்தான் இருக்கும். உங்களுக்கு வந்தது தலைப்பு அல்ல, ஆறாம் கோடு. அதற்கு வருவதற்கு முன் குவாவையே ஒருமுறை பார்ப்போம்.

'கெ' என்ற எழுத்துக்கு முதல் பொருள் புரட்சி அல்ல, தோல். மயிர் நீக்கிப் பக்குவப்படுத்திய மிருகத் தோல். உரித்த தோல் அப்படியே கிடந்தால் அழுகிவிடும். மயிரைச் சுரண்டி, ஊறவைத்து, காயவைத்தால்தான் அது கயிறாகவும் கவசமாகவும் ஆகும். மாற்றம் என்ற பொருள் அங்கிருந்து பிறந்தது. நான்காம் கோட்டில் 'ஆணையை மாற்றுதல்' வருகிறது. பிற்கால உரையில், பழைய அரச வம்சங்களைக் கவிழ்த்த தாங் மன்னனும் வூ மன்னனும் வானத்தின் ஆணையை, அதாவது ஆளும் உரிமையை, மாற்றியதைச் சொல்லும் இடத்தில் 'கெ மிங்' என்றே வருகிறது. இன்றைய சீனத்தில் புரட்சிக்கு அதே சொல்தான்.

இந்தக் குவாவில் மேல் மூன்று கோடு ஏரி, கீழ் மூன்று கோடு நெருப்பு. உரை என்ன சொல்கிறது தெரியுமா? தண்ணீரும் நெருப்பும் ஒன்றையொன்று அணைக்கும், இரண்டு மகள்கள் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், அவர்கள் மனம் ஒத்துப்போகவில்லை, அதுதான் 'கெ'. யாரோ ஒரு எதிரி வெளியிலிருந்து வந்தான் என்று இல்லை. ஒரே வீட்டுப் பெண்கள். உங்கள் மன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான வரி எனக்குத் தெரியவில்லை.

குவாவின் முதல் வாக்கியம்: "ஜி நாள் வந்தபின்தான் நம்பிக்கை." பழைய சீனத்தில் பத்து நாள் ஒரு வாரம், அதில் ஆறாவது நாள் ஜி. பாதி தாண்டிய நாள். முன்கூட்டியே நம்பிக்கை கிடைக்காது, மாற்றம் பாதி தாண்டிய பிறகுதான் ஜனங்கள் நம்புவார்கள் என்று நான் படிப்பேன்.

எலும்புக்கீறல்

எனக்குக் குறி பார்ப்பதில் நம்பிக்கை கிடையாது, ஆனால் இந்த நூலின் மேல் பெரிய மரியாதை உண்டு. அதனால் ஒன்று சொல்ல வேண்டும். ஓலைக்கட்டு ஐயா சொன்ன அந்த முதல் வாக்கியமே அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிற இடம்.

'ஜி' என்ற எழுத்தும், 'ஏற்கெனவே' என்று பொருள்படும் எழுத்தும், 'ஸி' என்ற இன்னொரு நாள் எழுத்தும் கிட்டத்தட்ட ஒரே வடிவம். ஒரு கோடு எங்கே முடிகிறது, எங்கே மூடுகிறது என்பதுதான் வித்தியாசம். ஏடு எழுதுகிறவன் கை கொஞ்சம் நடுங்கினால் 'ஆறாம் நாள்' என்பது 'நாள் கடந்தபின்' ஆகிவிடும். சிலர் 'பலியிடும் நாள்' என்றும் படிக்கிறார்கள்.

அடுத்தது 'நம்பிக்கை' என்று நாம் சொல்லும் 'ஃபூ'. இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் பலர் அதைப் 'போர்க்கைதி' என்று படிக்கிறார்கள். அந்த எழுத்தோடு ஆள் என்ற பகுதி சேர்ந்தால் கைதிதான். ஆக, மூவாயிரம் வருடத்துக்கு முன் அந்த வரி "பலி நாளில் கைதிகளைக் கொண்டு வா" என்று ஒரு படைத்தலைவனுக்குச் சொன்னதாகக்கூட இருக்கலாம். 1973-இல் சீனாவில் சாங்ஷாவுக்கு அருகே மாவாங்துவியில் மூன்றாம் கல்லறையைத் திறந்தபோது பட்டில் எழுதிய ஒரு பிரதி கிடைத்தது. கல்லறை மூடப்பட்டது கி.மு. 168-இல். அதில் குவாக்களின் வரிசையே வேறு. நம் 49-க்கு அதில் 'கெ' என்ற பெயரே இல்லை, கடிவாளம் என்று பொருள்படும் வேறு எழுத்து இருக்கிறது.

இதைச் சொல்வது யாரையும் தடுக்க அல்ல. மாற்றம், நம்பிக்கை, ஒற்றுமை என்று நாம் உருகுகிற சொற்களுக்கு அடியில் தோலும் கயிறும் கைதியும் இருக்கிறார்கள். அதை மறந்துவிட்டுப் படிக்கக்கூடாது.

மூன்றுகாசு

இரண்டு பேருக்கும் நன்றி. ஆனால் இப்போது குழப்பம் அதிகமாகிவிட்டது. நம்பிக்கையா, கைதியா? எதை வைத்துப் படிப்பது? என்னிடம் இருப்பது வில்ஹெல்மின் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அதில் இதெல்லாம் இல்லை.

ஓலைக்கட்டு

எலும்புக்கீறல் சொல்வது சரி, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நூல் பிறந்த பொருள் ஒன்று, வாழ்ந்த பொருள் ஒன்று. கி.மு. முதல் ஆயிரத்தின் நடுவிலேயே இந்த நூலை வைத்து மன்னர்களைக் கண்டிக்கிற அளவுக்கு அறநூலாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். குறி கேட்பவருக்கு அந்த வாழ்ந்த பொருள்தான் பயன்படும். அதே சமயம் கைதி என்ற பொருளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்தால் திரும்பி வருகிறவர்கள் நம்பி வருவார்களா, பிடிபட்டு வருவார்களா? அந்த ஒரே எழுத்து இரண்டையும் கேட்கிறது.

இப்போது கோடுகளுக்கு வருகிறேன். முதல் கோடு: மஞ்சள் பசுவின் தோலால் இறுகக் கட்டு. ஒன்றும் செய்யாதே என்று பொருள். மூன்றாம் கோடு: புறப்பட்டால் கேடு, மாற்றம் பற்றிய பேச்சு மூன்று முறை சுற்றி வரட்டும், அப்போது நம்பிக்கை உண்டு. ஐந்தாம் கோடு: பெரிய மனிதர் புலிபோல் மாறுகிறார், குறி பார்க்கும் முன்பே நம்பிக்கை உண்டு. குறி நூலே சொல்கிறது பாருங்கள், குறி தேவையில்லை என்று! எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த இடம் இது.

ஆறாம் கோடு, உங்களுடையது: "மேன்மகன் சிறுத்தைபோல் மாறுகிறான். சிறியவன் முகத்தை மாற்றுகிறான். புறப்பட்டால் கேடு. இருந்த இடத்தில் நிலைத்திருந்தால் நன்மை."

ஒரே ஒரு கோடு மாறினால் முதல் குவாவின் அந்தக் கோட்டைத்தான் படிக்க வேண்டும் என்பது சூ சி வகுத்த முறை. 12-ஆம் நூற்றாண்டுக்காரர், இந்த நூல் அடிப்படையில் குறி நூல்தான் என்று துணிந்து சொன்னவர். 1195-இல் அரசவைக்கு ஒரு கடுமையான மனு எழுதி வைத்திருந்தார். அனுப்பினால் ஆபத்து என்று மாணவர்கள் கெஞ்சினார்கள். குறி பார்த்தார், 'பின்வாங்கல்' குவா வந்தது. மனுவை எரித்துவிட்டு, தனக்கே 'பின்வாங்கிய கிழவன்' என்று பெயர் வைத்துக்கொண்டார்.

உங்கள் கையிலும் ஒரு கடிதம் இருக்கிறது. "புறப்பட்டால் கேடு" என்று வந்திருக்கிறது. நீங்கள் 13-ஐப் பார்த்துச் சந்தோஷப்பட்டு இந்த வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

பதினாறிலொன்று

சின்ன விஷயம், ஆனால் சொல்லிவிடுகிறேன். மூன்று காசில் 6 விழ வாய்ப்பு எட்டில் ஒன்று. பழைய முறையில், 50 குச்சி எடுத்து ஒன்றைத் தனியே வைத்து மீதி 49-ஐப் பிரித்து நான்கு நான்காக எண்ணும்போது, 6 வர வாய்ப்பு பதினாறில் ஒன்றுதான். 9 வர பதினாறில் மூன்று. குச்சியில் யாங் மாறுவது சுலபம், இன் மாறுவது அரிது. காசில் இரண்டும் சமம். மேல்கோட்டில் இன் மாறி வந்தது என்பதைப் பழைய காலத்தில் இன்னும் அபூர்வமாக நினைத்திருப்பார்கள்.

வாட்டர்லூதெரு

நான் சிங்கப்பூர். எங்கள் வாட்டர்லூ தெருவில் கிருஷ்ணன் கோவிலும் குவான் இம் கோவிலும் பக்கத்தில் பக்கத்தில். சீனர்கள் அங்கே கும்பிட்டுவிட்டு இங்கேயும் வந்து ஊதுவத்தி காட்டிவிட்டுப் போவார்கள். குவான் இம் கோவிலில் மூங்கில் குவளையைக் குலுக்கி ஒரு குச்சி விழவைத்து எண்ணுக்கு ஏற்ற சீட்டு வாங்குவார்கள். பலர் அதுதான் ஐ சிங் என்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. அங்கே சீட்டில் பதில் எழுதியிருக்கும். இங்கே பதிலை நீங்கள்தான் படித்தாக வேண்டும்.

சிறுத்தை பற்றி ஒன்று. என்னோடு வேலை பார்த்த ஒரு ஜப்பானிய அம்மா சொன்னார்: "மேன்மகன் சிறுத்தைபோல் மாறுவான்" என்பது அங்கே இன்றும் பழமொழி. ஆனால் இப்போது அதை, நேற்று ஒன்று பேசி இன்று வேறொன்று பேசும் ஆளைக் குத்திக் காட்டத்தான் சொல்கிறார்களாம். நூலில் அது புகழ்ச்சி. சிறுத்தை பருவம் மாறும்போது பழைய மயிர் உதிர்ந்து புதுப் புள்ளிகள் துலங்குவதைச் சொல்கிறது. புலியின் வரி தூரத்திலிருந்தே தெரியும். சிறுத்தையின் புள்ளி கிட்டே போனால்தான் தெரியும். ஐந்தாம் கோடு ஊரறிந்த மாற்றம், ஆறாம் கோடு பெரிய மாற்றம் முடிந்தபின் நடக்கும் நுணுக்க வேலை என்று நான் பிரித்துக்கொள்வேன். உங்கள் வாக்கெடுப்பு புலி. கணக்கு எழுதுவது, பீரோ துடைப்பது, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவது எல்லாம் சிறுத்தை.

சிறியவன் முகத்தை மாற்றுகிறான் என்பதையும் கேவலமாகப் படிக்க வேண்டாம். பழைய உரைகாரர் வாங் பி அதை, புது ஏற்பாட்டுக்கு இணங்கி முகம் காட்டுவதாகத்தான் எடுத்துக்கொள்கிறார். எல்லாரும் உள்ளுக்குள் மாற வேண்டும் என்று நூல் கேட்கவே இல்லை. முகத்தைக் காட்டினால் அவர்களுக்குப் போதும்.

தென்கரை

ஒருவரும் கேள்வியைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு கதை சொல்கிறேன், சுவோ உரை என்ற பழைய வரலாற்று நூலில் இருப்பது. கலகமும் ஒற்றுமையும் ஒரே குறியில் வந்த கதை.

கி.மு. 530. பழைய சீனாவில் லூ என்ற நாடு. ஜி குடும்பத்தின் கோட்டை ஊர் ஒன்றை நிர்வகிக்கும் காரியஸ்தன் நன் குவாய். எஜமானன் தன்னை மதிக்கவில்லை என்று மனக்கசப்பு. கலகம் செய்ய முடிவு செய்தான். என்ன காரியம் என்று சொல்லாமலே குறி பார்த்தான். வந்தது இரண்டாம் குவா, முழுக்க மண். அதில் ஐந்தாம் கோடு மாறி எட்டாம் குவா, 'பீ'. மண்மேல் தண்ணீர், ஒருவரையொருவர் ஒட்டி நிற்கும் ஒற்றுமை. மாறிய கோட்டின் வரி: "மஞ்சள் கீழாடை. மிகப் பெரிய நன்மை."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஸிஃபூ ஹுய்போ என்ற பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினான். "ஒரு காரியம் செய்யலாம் என்றிருக்கிறேன், எப்படி?" என்றான். அப்போதும் என்ன காரியம் என்று சொல்லவில்லை.

ஹுய்போ சொன்ன பதிலை நான் வருடத்துக்கு ஒருமுறையாவது எடுத்துப் படிப்பேன். விசுவாசமும் நேர்மையும் உள்ள காரியம் என்றால் நடக்கும், இல்லையென்றால் நிச்சயம் தோற்கும் என்றார். மஞ்சள் நடுநிலையின் நிறம்: உள்ளே நேர்மை இல்லாதவனுக்கு அந்த நிறம் கிடைக்காது. கீழாடை கீழ்நிலைக்குரிய அலங்காரம்: பணிவு இல்லாதவனுக்கு அது பொருந்தாது. காரியம் நல்லதாக இல்லாவிட்டால் 'பெரிய நன்மை' அவனைச் சேராது. கடைசியாக, அபாயமான சூழ்ச்சிக்கு இந்த நூலிடம் குறி கேட்கக்கூடாது என்றார்.

நன் குவாய் கேட்கவில்லை. கலகம் செய்தான். இரண்டு வருடத்தில் அவனுடைய ஆட்களே அவனைக் கைவிட்டார்கள், சீ நாட்டுக்கு ஓடிப்போனான். குறி பொய் சொல்லவில்லை. வந்த வரி நல்ல வரிதான். வாங்கிக்கொள்ள அவனிடம் கை இல்லை.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று உண்டு. ஷாங் அரசை எதிர்த்துச் சௌ அரசன் வூ கிளம்புமுன் ஆமை ஓட்டில் குறி பார்த்தார்கள். பழைய சீன வரலாற்றாசிரியர் சிமா சியான் எழுதியிருக்கிறார்: குறி கெட்டதாக வந்தது, காற்றும் மழையும் திடீரென அடித்தன, தலைவர்கள் எல்லாரும் நடுங்கினார்கள், அரசனின் ஆலோசகர் தாய் கோங் ஒருவர் மட்டும் போகத்தான் வேண்டும் என்றார். போனார்கள், ஜெயித்தார்கள். அந்தப் போர் நடந்தது பொதுவாக கி.மு. 1046 என்பார்கள். 1976-இல் லிந்தோங்கில் கிடைத்த ஒரு வெண்கலப் பாத்திரத்தில் அந்த நாள் விடியற்காலையைக் குறித்தே வைத்திருக்கிறார்கள்.

ஆக நல்ல குறி வந்தவன் தோற்றான், கெட்ட குறி வந்தவன் ஜெயித்தான். அதனால் மூன்றுகாசு, நான் கேட்பது இது. "ஒன்று சேர்வோமா" என்று கேட்டீர்கள். கடிதத்தைப் பற்றி ஏன் கேட்கவில்லை? உங்கள் கேள்வியில் என்ன காரியம் என்று சொன்னீர்களா?

எலும்புக்கீறல்

வூ மன்னன் கதை எழுதப்பட்டது போர் நடந்து ஏறத்தாழ ஆயிரம் வருடம் கழித்து. ஜெயித்தவர்கள் பக்கத்துக் கதை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி தென்கரை சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நன் குவாய் கதையில் குறி கேட்டவனைவிடப் படித்துச் சொன்னவர்தான் பெரிய ஆள்.

மூன்றுகாசு

இரண்டு நாள் பதில் எழுத முடியவில்லை. தென்கரை கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது.

சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகிறேன். வாக்கெடுப்பு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். பழைய செயலாளர் எனக்கு எட்டாம் வகுப்பில் தமிழ் வாத்தியார். முதன்முதலில் ஒரு நாவலைக் கையில் கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போ என்று சொன்னவர் அவர். பொதுக்குழு அன்று அவர் எழுந்து ஒரு வார்த்தை பேசவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பின்னால் பாதிப் பேர் போனார்கள். கடிதம் போனால் முதலில் நீங்கும் பெயர் அவருடையது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் "ஒன்று சேர்வோமா" என்று பொதுவாகக் கேட்டேன்.

கடிதத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன். குழுவில் இரண்டு பேருக்குக் கோபம். இப்போது 13-ஐ எப்படிப் படிப்பது என்று சொல்லுங்கள்.

ஓலைக்கட்டு

இதை எழுதியதற்கு நன்றி தம்பி. சுலபமாக இருந்திருக்காது.

13-ஐ ஒற்றுமை என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அதன் உள்ளே இருப்பது தெரியாமலே போய்விடும். கோடுகளைக் கீழிருந்து பாருங்கள். வாசலில் மனிதரோடு ஒன்றுபடல், குற்றமில்லை. குலத்துக்குள்ளே ஒன்றுபடல், அது குறுகல், வருத்தம். மூன்றாம் கோட்டில் ஒருவன் புதருக்குள் ஆயுதத்தை ஒளித்து வைத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் பார்க்கிறான், மூன்று வருடம் எழுந்திருக்கவில்லை. நான்காம் கோட்டில் ஒருவன் மதில்மேல் ஏறிவிட்டான், தாக்க முடியவில்லை, நல்லது. ஐந்தாம் கோட்டில் முதலில் அழுகை, பிறகு சிரிப்பு, பெரும்படைகள் கடைசியில் சந்திக்கின்றன. ஒற்றுமை பற்றிய குவாவில் பதுங்கலும் மதிலும் அழுகையும் வைத்திருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு மனுஷரைத் தெரிந்திருக்கிறது.

எனக்கு நான்காம் கோடுதான் நெஞ்சில் நிற்கும். மதில்மேல் ஏறி உட்கார்ந்தவனுக்கு அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரிகிறது. தாக்காமல் இறங்கினால் அதையே நூல் நன்மை என்கிறது. நீங்கள் கடிதத்தை நிறுத்தியது அதுதான்.

குலத்துக்குள் ஒன்றுபடுவது ஏன் குறுகல் என்றால், நம்மாட்கள் நம்மாட்களோடு மட்டும் சேர்வது ஒற்றுமை அல்ல. புதிய குழு இப்போது இருப்பது அந்த இடத்தில். குவாவின் தலைவரி 'வெட்டவெளியில்' என்கிறது. எல்லாரும் வரக்கூடிய இடம். ஆனால் ஆரம்பம் வாசல்தான். முதல் கோடு.

வாட்டர்லூதெரு

ஐந்தாம் கோட்டுக்கு ஒரு பழைய விளக்கம் உண்டு, கன்பூசியஸ் சொன்னதாக வரும். இருவர் ஒரே மனமாக இருந்தால் அந்தக் கூர்மை உலோகத்தையும் அறுக்கும், ஒருமனப்பட்ட பேச்சுக்கு ஆர்க்கிட் பூவின் வாசனை. ஐம்பது பேரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இருவர். வாத்தியாரைப் போய்ப் பாருங்கள்.

தென்கரை

ஆமாம். கையில் ஒன்றும் கொண்டுபோகாதீர்கள், கணக்கு நோட்டும் வேண்டாம்.

மூன்றுகாசு

போன வியாழன் சாயங்காலம் போனேன். வாசலில்தான் நின்றோம். கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். "என்ன விஷயம்" என்றார். "ஒன்றுமில்லை சார், பார்க்கத்தான் வந்தேன்" என்றேன். மழை வருகிற மாதிரி இருக்கிறது, கிளம்பு என்றார். அவ்வளவுதான் முதல் நாள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனேன். இந்தத் தடவை கதவு திறந்தது. திண்ணையில் உட்காரச் சொன்னார், அம்மா காபி கொடுத்தார்கள். கணக்கு எழுதாமல் விட்டதை அவரே எடுத்தார். மூன்று வருடமாகக் கண்ணில் புரை, நோட்டில் கோடு தெரியவில்லை, யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருந்தது என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. வாக்கெடுப்புக்கு முன் ஒருவராவது அவரிடம் போய்க் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்டிருக்க வேண்டும். செயலாளர் மாற்றம் வேண்டாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை, அவரும் அப்படிச் சொல்லவில்லை. முகம் பார்த்து ஒரு வார்த்தை கேட்காமல் செய்ததுதான்.

மன்றத்துக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது, மூன்றாவது பீரோவில் கீழ்த்தட்டில் கரையான் வரும், புத்தகத்தை மேலே எடுத்து வையுங்கள் என்று சொன்னார்.

மறுபடி காசு போடவில்லை. மூன்று முறை பேச்சு சுற்றி வரட்டும் என்று மூன்றாம் கோடு சொன்னதே, இரண்டு ஆகியிருக்கிறது. இந்த ஞாயிறு போகும்போது கீழ்த்தட்டுப் புத்தகங்களின் பட்டியலைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.